குதிரைக்காலின் கீழே ஒரு கீறல்

பிப்ரவரி 6

அன்புள்ள அண்ணாவுக்கு,

பூச்சி எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம். உன் கண்வலி எப்படி இருக்கிறது? மேசை விளக்கை மாற்றித் தருகிறேன் என்ற உன் முதலாளி மாற்றினாரா, இன்னும் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறாரா? அண்ணியின் மூட்டுவலியைக் கேட்டதாகச் சொல். கோபத்தையும் கேட்டதாகச் சொல். அது சௌக்கியமாக இருந்தால் வீடே சௌக்கியம்.

பம்பு கம்பெனியை மூடியதிலிருந்து உன் மாப்பிள்ளைக்கு வேலை இல்லை. வீட்டில் இருக்கிற ஒரே குழாயைப் பத்துத் தடவை கழற்றி மாட்டிவிட்டார். இப்போது புதிதாக ஒன்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். நீ சிரிக்கக் கூடாது. புதையல்!

போன மாதம் இந்த ஊருக்கு ஒருவர் வந்தார். கையில் ஒரு பழைய வரைபடம், மண்ணுக்குள் உலோகம் இருந்தால் கூவுகிற ஒரு கருவி. எல்லோருக்கும் அவர் வரைபடக்காரர்தான், பெயர் யாருக்கும் தெரியாது. ஊருக்கு வெளியே பாழாய்க் கிடக்கும் சுண்ணாம்புச் சூளைக்குப் பக்கத்தில் யாரோ ஒரு ராஜா தன் கஜானாவைப் புதைத்துவிட்டு ஓடிப்போனானாம். தோண்டுவதற்கு நாலு பேர் சேர்ந்திருக்கிறார்கள். இவர், அடுத்த தெருக் கொத்தனார், கயிறு இழுக்க இரண்டு பேர். ஆளுக்கொரு பங்கு போடவேண்டும் என்று என் வளையல்கள் போயின. அந்தப் பேச்சு இப்போது வேண்டாம்.

நேற்று முதல் காசு கிடைத்தது அண்ணா! ஒரு பக்கம் முன்னங்காலைத் தூக்கிய குதிரை, மறுபக்கம் பாய்மரக் கப்பல். சுற்றிலும் எழுத்து, என்ன மொழி என்று புரியவில்லை. நன்றாகக் கறுத்து, ஓரமெல்லாம் தேய்ந்திருக்கிறது. மருந்துக்கடையில் நான் பொடி நிறுக்கும் தராசில் வைத்தேன். பதினோரு கிராமும் கொஞ்சமும். மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலால் தேய்த்து அனுப்பியிருக்கிறேன். தாள் போதாமல் குதிரையின் பின்னங்கால் பக்கம் விட்டுப்போனது.

இவர் பக்கத்தில் உட்கார்ந்து உயிரை எடுக்கிறார். "முத்திரையும் மெடலுமா செதுக்கறவர் உங்க அண்ணன். பாத்த மாத்திரத்துல வயச சொல்லிடுவார். எழுது, எழுது."

எழுதிவிட்டேன். எந்த ராஜா, எத்தனை வருஷம்? சீக்கிரம் சொல். கண்ணைப் பார்த்துக்கொள்.

உன்
பூச்சி

பிப்ரவரி 27

பூச்சிக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. பட்டறையில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு நூறு மெடல், அதனால் தாமதம். கண் பரவாயில்லை. அண்ணி நலம். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

பென்சில் தேய்ப்பில் சரியாகத் தெரியவில்லை. இந்த மாதிரிக் காசு நிறையக் கிடைக்கிறது, பெரிய மதிப்பு ஒன்றும் இராது என்று நினைக்கிறேன். ஆனாலும் ஒன்று பார்த்துச் சொல். குதிரையின் பின்னங்குளம்புக்குக் கீழே, ஓரம்வரைக்கும் மயிரிழை போல ஒரு கீறல் ஓடுகிறதா?

அந்த வரைபடக்காரர் ஆள் எப்படி இருப்பார்? சும்மாதான் கேட்கிறேன்.

சூளைப் பக்கத்து மண் சாம்பல் கலந்த மண். பிடிப்பு இருக்காது. மாப்பிள்ளையை ஆழமாக இறங்க விடாதே. ஆழம் தெரியாமல் காலை விடுவது அவர் வழக்கம் என்று உனக்கே தெரியும்.

வேறு ஒன்றுமில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்

மார்ச் 6

அன்புள்ள அண்ணா,

இங்கே இருமல் காலம். கடையில் நிற்க நேரமில்லை. மற்றபடி சுகம்தான். நீங்கள் இருவரும் அப்படியே இருக்கவேண்டும்.

கீறல் இருக்கிறது. நீ சொன்ன அதே இடத்தில், ஓரம்வரைக்கும். நான் அனுப்பிய தாளில் அந்த இடமே இல்லையே, நீ எப்படிக் கேட்டாய்? எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. இவரோ குதித்தார். "பாத்தியா! உங்க அண்ணன் ஏதோ புத்தகத்துல பாத்திருக்கார். கீறல் வரைக்கும் சொல்றார்னா இது பேர் போன காசு. மதிப்பு இல்லேன்னு எழுதினதெல்லாம் நாம யார்கிட்டயும் உளறக் கூடாதுன்னுதான்." தெருவில் கொத்தனாரிடமும் போய்ச் சொல்லிவிட்டார். இப்போது விடிந்ததும் கிளம்பிவிடுகிறார்கள். உன் கடிதத்துக்குப் பிறகு இரண்டு பங்கு வேகம்.

இரண்டாவது காசும் கிடைத்துவிட்டது. அதிலும் அதே இடத்தில் அதே கீறல்.

வரைபடக்காரருக்கு ஐம்பது வயது இருக்கும். சன்னமான குரல். மண் ஒட்டாத, பளபளவென்ற பூட்ஸ். குழிப்பக்கத்தில் குடையை விரித்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார், ஒருநாளும் உள்ளே இறங்க மாட்டார். பேசுவதற்கு முன் வலது காது மடலைப் பிடித்து இழுத்துவிட்டுக்கொள்வார். போதுமா? பெண் பார்க்கிற மாதிரி விசாரிக்கிறாயே.

குழி மூன்று ஆள் ஆழம் போய்விட்டது. முதலில் மெழுகுவர்த்தியைக் கயிற்றில் கட்டி இறக்குகிறார்கள். அது அணைந்தால் கீழே காற்று கெட்டிருக்கிறது என்று அர்த்தமாம். நேற்று இரண்டு தடவை அணைந்ததாம். சிரித்துக்கொண்டே சொல்கிறார்.

உடனே பதில் போடு. எப்படித் தெரிந்தது என்பதையும் எழுது.

பூச்சி

ஏப்ரல் 2

அண்ணாவுக்கு,

நீயும் அண்ணியும் நன்றாகத்தானே இருக்கிறீர்கள்? நான்கு வாரமாகப் பதில் இல்லை. கடிதம் தவறிப்போனதோ என்று தபால்காரரிடம் சண்டை போட்டேன். பாவம் அந்த மனிதர்.

நேற்று மத்தியானம் வரைபடக்காரர் மருந்துக்கடைக்கு வந்தார். தலைவலி மாத்திரை கேட்டார். நான் பொட்டலம் கட்டும்போது காதைத் தொட்டுக்கொண்டு சொன்னார். "உங்க அண்ணன் கை நல்ல கைம்மா. அந்த மாதிரி கைகாரங்க இப்ப இல்ல. கடுதாசி போட்டா நான் விசாரிச்சதா ஒரு வரி எழுதுங்க. கண்ணப் பாத்துக்கச் சொல்லுங்க."

அண்ணா, உன் தொழிலைப் பற்றி இவர் பெருமை அடித்திருப்பார், அது தெரியும். ஆனால் உன் கண்வலியைப் பற்றி நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை. இவரிடம் திருப்பித் திருப்பிக் கேட்டுவிட்டேன். சொல்லவே இல்லை என்கிறார்.

சில்லறையைத் தப்பாக எண்ணிக் கொடுத்தேன். அவர் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். மாத்திரையை எடுத்துக்கொள்ளாமலே போய்விட்டார்.

உனக்கு அவரைத் தெரியுமா?

குழி ஐந்து ஆள் ஆழம். சீக்கிரம் எழுது.

பூச்சி

ஏப்ரல் 9

பூச்சிக்கு,

நாங்கள் சுகம். நீ பயப்படாதே.

மாப்பிள்ளையை இனிமேல் குழிக்கு அனுப்பாதே. என்ன சொல்வாயோ தெரியாது. உனக்கு நெஞ்சுவலி என்று படுத்துக்கொள். எனக்கு உடம்பு முடியவில்லை, உடனே வரச்சொல்லித் தகவல் வந்தது என்று சொல்லி இங்கே கூட்டிக்கொண்டு வந்தாலும் சரி. எப்படியாவது நிறுத்து.

காரணம் கேட்காதே. காகிதத்தில் எழுதக் கூடியது இல்லை. அந்த ஆளிடம் என்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதே. இதைப் படித்ததும் கிழித்துப்போடு.

அண்ணன்

ஏப்ரல் 14

அண்ணாவுக்கு,

உங்கள் நலத்தைக் கேட்டுத்தான் கடிதம் தொடங்க வேண்டும். கேட்டுவிட்டேன். இனி நான் சொல்வதைக் கேள்.

நெஞ்சுவலி என்று இரண்டு நாள் படுத்தேன். முதல் நாள் இவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். இரண்டாம் நாள் கொத்தனார் மனைவியைத் துணைக்கு உட்காரவைத்துவிட்டுக் குழிக்குப் போய்விட்டார். இன்னும் ஒரு ஆள் ஆழம்தான், பெட்டி கைக்கு எட்டிவிடும் என்று வரைபடக்காரர் சொல்லியிருக்கிறாராம். காரணம் இல்லாமல் நிறுத்து என்றால் எந்த ஆம்பளை நிறுத்துவான்?

நேற்று நானே குழியைப் போய்ப் பார்த்தேன். சூளையின் சுவரில் மேலிருந்து கீழ்வரை ஒரு வெடிப்பு. என் சுண்டுவிரல் உள்ளே போகிறது. முட்டுக்கொடுக்க ஒரு பலகை இல்லை. கயிறு இழுக்கிறவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அக்கா, பேச்சு நின்னா உள்ள ஒரு சத்தம் கேக்குது. அரிசிய முறத்துல போட்டுப் பொடைக்கற மாதிரி. மண்ணு தானா உதிருது" என்றார். நானும் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டேன். கேட்டது.

நீ ஒன்பது வயதில் அப்பாவின் கண்ணாடியை உடைத்தாய். அடி எனக்கு விழுந்தது. நீ கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய். ஒரு வார்த்தை சொல்லவில்லை. உனக்கு வாய் இல்லாமல் இல்லை, பயம். அன்றைக்கு ஒரு அடியோடு போனது. இன்றைக்கு இவர் ஆறு ஆள் ஆழத்தில் இருக்கிறார்.

உனக்கு என்ன தெரியுமோ அதை எழுது. இல்லையென்றால் எழுதவே எழுதாதே.

பூச்சி

ஏப்ரல் 20

என் பூச்சிக்கு,

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்வரை நீங்கள் இருவரும் நலமாக இருக்கவேண்டும். அதைத் தவிர வேறு எதையும் நினைக்க முடியவில்லை.

காசின் வயதைக் கேட்டாய். எட்டு வருஷம். மழை கொட்டிய ஒரு செவ்வாய்க்கிழமை, இந்தப் பட்டறையில், என் கையால் செய்தேன்.

அந்த ஆள் ஒரு புத்தகத்திலிருந்து கிழித்த படத்தோடு வந்தார். நாடகக் கம்பெனிக்கு அறுபது காசு வேண்டும், மேடையில் கொட்டினால் பழைய காசு போலவே இருக்கவேண்டும் என்றார். முதலாளிக்குத் தெரியாமல் நானே எடுத்துச் செய்தேன். எஃகில் அச்சு வெட்டி, ஒவ்வொன்றாக அடித்தேன். பிறகு டப்பாவில் மணலோடு போட்டுக் குலுக்கி, ஓரத்தை அரத்தால் தேய்த்து, உப்பும் புளித்த காடியும் நனைத்த துணியில் சுற்றிப் புதைத்துக் கறுக்க வைத்தேன். சொன்னால் வெட்கம், அப்போது எனக்குப் பெருமையாக இருந்தது. மெடலுக்கு யார் இவ்வளவு மெனக்கெடச் சொல்கிறார்கள்? அந்தக் கீறல் செதுக்குளி வழுக்கியதால் வந்தது. நாடகத்தில் யார் குனிந்து பார்க்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். அறுபது காசிலும் அது இருக்கும்.

ஒரு வருஷம் கழித்து, அரத்தூள் சிந்தாமல் இருக்க மேசையில் விரித்திருந்த பழைய பேப்பரில் ஒரு செய்தி பார்த்தேன். வேறொரு ஊரில் புதையல் தேடித் தோண்டிய குழி சரிந்து ஒருவர் செத்துப்போனார். கிணறு வெட்டுகிறவர். அவர் கையில் மூடியபடி இருந்த காசைப் படம் போட்டிருந்தார்கள். கீறல் தெரியவில்லை. ஆனால் அந்தக் குதிரையின் கழுத்தை வளைத்தவன் நான், எனக்குத் தெரியாதா? வழியில் தூவி வைக்கிற தானியம் மாதிரி என் காசை மண்ணில் போட்டு மனிதர்களைக் கூட்டியிருக்கிறார். ஊர் ஊராக இதுதான் அவர் தொழில். பங்கை வாங்கிக்கொண்டு ஒருநாள் காணாமல் போவார்.

அடுத்த மாதமே இன்னும் நூறு காசு வேண்டும் என்று வந்தார். பேப்பரில் பார்த்தேன் என்றேன். காது மடலை இழுத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "அதுல என் பேர் எங்கயாவது இருக்கா? செதுக்கினது யாரு, நானா? அச்சு உங்ககிட்டயே இருக்கட்டும், எனக்கு வேணாம். நீங்க இங்க இருக்கும்போது வீட்டம்மா தனியாத்தான இருப்பாங்க?"

நூறு காசு செய்ய மாட்டேன் என்று மட்டும் சொன்னேன். வேறு எதுவும் செய்யவில்லை. திருடனுக்குத் தேள் கொட்டியது போல ஏழு வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அண்ணிக்குக்கூடத் தெரியாது. உன் முதல் கடிதத்தில் அந்தப் பென்சில் தேய்ப்பைப் பார்த்ததும் குதிரையை அடையாளம் தெரிந்தது. கீறல் இருக்கக் கூடாதே என்றுதான் கேட்டேன். இருக்கிறது என்று நீ எழுதிய பிறகும் நான் சொல்லவில்லை. போலீசுக்கு, ஜெயிலுக்கு, அந்த ஆளுக்கு, எல்லாவற்றையும்விட உனக்குப் பயந்தேன்.

மாப்பிள்ளை வார்த்தையை நம்ப மாட்டார். அதனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் யாரும் இல்லாதபோது அந்த அச்சை எடுத்துப் புதிதாக ஒரு காசு அடித்தேன். கறுக்க வைக்கவில்லை, பளபளவென்றே அனுப்புகிறேன். பழையதையும் இதையும் பக்கத்தில் வைத்துக் காட்டு.

கிழித்துப்போடு என்று இந்த முறை சொல்ல மாட்டேன்.

அண்ணன்

மே 11

அண்ணாவுக்கு,

இவர் உயிரோடு இருக்கிறார். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நீயும் அண்ணியும் நலமா என்பதை இந்தக் கடிதத்தின் கடைசியில் கேட்கிறேன்.

உன் பார்சல் காலை பதினோரு மணிக்குக் கடைக்கு வந்தது. அலமாரிக்குப் பின்னால் நின்று படித்தேன். வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் சூளைக்கு ஓடினேன். வரைபடக்காரர் குடைக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். இவர் கீழே இருந்தார்.

"மேல வாங்க!" என்று கத்தினேன்.

"என்னடி ஆச்சு?" உள்ளிருந்து இவர் குரல் யாரோ கிழவனுடைய குரல் மாதிரி வந்தது.

வரைபடக்காரர் எழுந்திருக்கவில்லை. "என்னம்மா இது. கீழ ஆள் இருக்கும்போது இப்படிக் கத்தலாமா? மண்ணு சரிஞ்சிடும்."

அதன்பிறகு நான் கத்தவில்லை அண்ணா. கயிறு இழுக்கிறவரிடம் வாளியை வாங்கி, உன் காசைக் கைக்குட்டையில் முடிந்து போட்டு இறக்கினேன். வாளி போய்க்கொண்டே இருந்தது. ஆறு ஆள் ஆழம் என்றால் எவ்வளவு என்று அப்போதுதான் தெரிந்தது. கீழே தட்டியது. அந்த உதிர்கிற சத்தம் மட்டும் கேட்டது. எவ்வளவு நேரமோ. பிறகு கயிறு இரண்டு தடவை அசைந்தது. ஏற்றிவிடு என்று அர்த்தம்.

மேலே வந்தவர் என்னைப் பார்க்கவே இல்லை. சட்டைப் பையில் வைத்திருந்த பழைய காசு ஒரு கையில், உன்னுடையது இன்னொரு கையில். நேராக வரைபடக்காரரிடம் போனார். "சார், இந்தக் குதிரைக்கு எத்தன வயசு? அந்தக் குதிரைக்கு எத்தன வயசு?"

அவர் கை காது மடலுக்குப் போனது. "இது எங்கேர்ந்து வந்தது?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க சார்."

கொத்தனார் வந்து இரண்டையும் வாங்கி உற்றுப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே மண்குவியல்மேல் உட்கார்ந்து, "மூணு மாசம்டா... மூணு மாசம்" என்று தலையில் அடித்துக்கொண்டார். எல்லோரும் அவரைப் பிடிக்கப் போன நேரத்தில் வரைபடக்காரர் குடையை மடக்கினார். என்னைத் தாண்டிப் போகும்போது நின்று, அதே சன்னக் குரலில், "அண்ணனக் கேட்டதா சொல்லுங்க. நேர்ல வந்து பாக்கறேன்" என்றார். அதற்குப் பிறகு அவரை இங்கே யாரும் பார்க்கவில்லை.

நான்காம் நாள் மழை. மத்தியானம் மூன்று மணிக்கு வெடித்திருந்த சுவர் சாய்ந்து குழிக்குள்ளேயே இறங்கிவிட்டது. எங்கள் வீட்டுப் பாத்திரங்கள்வரை அதிர்ந்தன. மூன்று மணி இவர் உள்ளே இருக்கும் நேரம். இவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். ராத்திரி வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை.

இத்தனை நாள் ஏன் எழுதவில்லை என்று உனக்குத் தெரிந்திருக்கும். நாள்காட்டியை எடுத்து எண்ணினேன். நான் முதல் கடிதம் எழுதிய நாளிலிருந்து நீ உண்மையை எழுதிய நாள்வரை எழுபத்து மூன்று நாள். இவர் உள்ளே இறங்கிய ஒவ்வொரு காலையும் அதில் இருக்கிறது. நீ இவரைக் காப்பாற்றினாய். அதுவும் அதில்தான் இருக்கிறது. இரண்டையும் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று. அந்தக் கிணறு வெட்டுகிறவருக்கு மனைவி இருந்தாளா? அவளுக்கு நீ எழுதினாயா? கேட்கவே வேண்டாம், எழுதியிருக்க மாட்டாய். எனக்கு அண்ணன் இருந்தான், காசு அனுப்பினான், வாளியில் இறக்கினேன். அவளுக்கு யார் இருந்தார்கள்?

முதலில் அவளுக்கு எழுது. பிறகு எனக்கு எழுது. அதுவரைக்கும் உன் கடிதம் வந்தால் பிரிக்க மாட்டேன்.

இருவரும் நலமா? கதவைத் தாழ் போட்டுக்கொண்டு இருங்கள்.

பூச்சி

மே 25

பூச்சிக்கு அண்ணி எழுதுவது.

உங்கள் அண்ணன் எழுதினால் பிரிக்க மாட்டாய் என்று கேள்விப்பட்டேன். நான் எழுதினால் பிரிப்பாய் அல்லவா? மாப்பிள்ளைக்கு உடம்பு எப்படி? என் மூட்டுக்கு ஒன்றும் இல்லை. அதைப் பற்றி நினைக்க நேரமில்லை.

எனக்கும் உன் கடிதத்தைப் படித்துத்தான் எல்லாம் தெரிந்தது. பதினாறு வருஷம் ஒரே கூரைக்குக் கீழே இருந்திருக்கிறேன். இந்த மனுஷன் மடியில் இவ்வளவு கனத்தை வைத்துக்கொண்டுதான் தினமும் எனக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டாரா என்று இருக்கிறது. என் கோபத்தை நீ கேலி செய்வாயே, இந்த முறை அது வரவே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

போன வியாழக்கிழமை நான் பட்டறைக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். உள்ளே ஒருவர் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். பூட்ஸைப் பார்த்ததும் யார் என்று புரிந்துவிட்டது. மெருகு போடுகிற யந்திரத்தின் இரைச்சலில் மற்ற ஆட்களுக்கு ஒன்றும் கேட்காது. "அச்சக் குடுத்துடுங்க. பழகின பழக்கத்துக்காக நானே நேர்ல வந்தேன்" என்றார். என் பக்கம் திரும்பி, "இவங்கதான் வீட்டம்மாவா?" என்றார்.

உங்கள் அண்ணன் கையில் அரம் இருந்தது. அது மேசையில் படபடவென்று அடித்துக்கொண்டது. ஆனால் சொன்னார். "அச்சு ஸ்டேஷன்ல இருக்கு. காலைல குடுத்துட்டேன். உங்களப் பத்தியும் எழுதிக்குடுத்துட்டேன்."

அவர் நம்பினாரோ இல்லையோ, எழுந்து போனார்.

அச்சு எங்கே இருந்தது தெரியுமா? அவர் உட்கார்ந்திருந்த அதே முக்காலிக்கு அடியில், மரப்பெட்டிக்குள். சொன்னது அத்தனையும் பொய். அந்த ஆள் தெருமுனை திரும்பினாரோ இல்லையோ, அந்தப் பொய்யை நிஜமாக்க இவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அழுக்கு ஏப்ரனோடு, செருப்பில்லாமல். பின்னாடியே நான், இந்த மூட்டுவலியை வைத்துக்கொண்டு. ஸ்டேஷன் பெஞ்சில் மூன்று மணி நேரம் உட்கார வைத்தார்கள். பிறகு எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

இப்போது திங்கட்கிழமைதோறும் போய்க் கையெழுத்துப் போடவேண்டும். வழக்கு வருமாம். ஜெயிலும் வரலாம் என்கிறார் வக்கீல். முதலாளி பட்டறைப் பக்கமே வரவேண்டாம் என்றுவிட்டார். அந்த ஆள் இன்னும் பிடிபடவில்லை. வாசலில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் நாங்கள் இருவரும் பேச்சை நிறுத்திவிடுகிறோம்.

ஒரு வாரமாக அவர் ஒரு தாளை வைத்துக்கொண்டு எழுதுகிறார், கிழிக்கிறார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. நீயும் கேட்காதே. மாப்பிள்ளையைச் சாப்பிடச் சொல்.

அண்ணி

ஜூன் 3

அம்மா,

உங்களுக்கு என்னைத் தெரியாது. நலமா என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. அதனால் கேட்காமல் தொடங்குகிறேன். பேப்பரில் இருந்த ஊரையும் உங்கள் வீட்டுக்காரரின் தொழிலையும் மேலே எழுதி அனுப்புகிறேன். உங்கள் கைக்கு வந்து சேரவேண்டும்.

ஏழு வருஷத்துக்கு முன் உங்கள் வீட்டுக்காரரின் கையில் இருந்த காசு பழைய காசு இல்லை. நான் செய்தது. நாடகத்துக்கு என்று சொல்லி என்னிடம் வாங்கிய ஆள் அதை மண்ணில் புதைத்து வைத்து, கருவியால் எடுத்துக் காட்டி, உங்கள் வீட்டுக்காரரை நம்பவைத்தார். அங்கே கஜானாவும் இல்லை, ராஜாவும் இல்லை. பேப்பரில் பேராசையால் உயிர் போனது என்று எழுதியிருந்தது. அது பொய். அவர் தொழில் தெரிந்தவர். கண்ணால் பார்த்ததை நம்பினார். அவர் கண்ணை ஏமாற்றியது என் கை.

செய்தபோது எனக்குத் தெரியாது. பேப்பரைப் பார்த்தபோது தெரிந்தது. அன்றைக்கே உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். பயந்து சொல்லவில்லை. என் தங்கை வீட்டுக்கே அதே காசு வந்தபோதும் எழுபத்து மூன்று நாள் பயந்துகொண்டுதான் இருந்தேன். இப்போது போலீசில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். அதனால் உங்களுக்கு என்ன ஆகப்போகிறது என்று எனக்கே தெரியவில்லை.

இப்போதும் பயமாக இருக்கிறது. நீங்கள் பதில் போடுவீர்களோ என்றும், போடாமலே இருந்துவிடுவீர்களோ என்றும். என்ன செய்யச் சொன்னாலும் செய்கிறேன்.

அந்தக் காசைச் செய்தவன்

ஜூலை 19

ஐயா,

எனக்குப் படிக்கத் தெரியாது. உங்கள் கடிதத்தை இங்கே தபால்காரர்தான் படித்தார். இதையும் நான் சொல்லச் சொல்ல அவர்தான் எழுதுகிறார். உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது பாதியில் நிறுத்தி என் முகத்தைப் பார்த்தார். "படிங்க" என்றேன். முடிந்ததும் திரும்ப ஒரு தடவை படிக்கச் சொன்னேன். ஒரு மாதம் கழித்து மூன்றாவது தடவை படிக்கச் சொல்லிவிட்டுத்தான் பதில் போடுகிறேன்.

நானும் என் மகளும் இருக்கிறோம். நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன்.

இந்தத் தெருவில் எனக்குப் பெயர் புதையல்காரி. தண்ணீர் பிடிக்கக் குடத்தோடு போனால், "புதையல்காரி வர்றா, வழி விடுங்க" என்பார்கள். முதலில் அழுவேன். பிறகு பழகிவிட்டது. என் மகளை இப்போது பள்ளிக்கூடத்தில் அப்படிக் கூப்பிடுகிறார்கள். அவள் பழகவில்லை.

அவர் அண்ணன் தம்பிகள், ஆசை பிடித்து அலைந்தான், மண் வாயை மூடிவிட்டது என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன் ஐயா. செத்துப்போன மனுஷனை இந்த ஏழு வருஷத்தில் எத்தனை தடவை திட்டியிருக்கிறேன் தெரியுமா? அடுப்பு எரியாத நாளெல்லாம் திட்டினேன். அதை நான் யாரிடம் போய்த் திருப்பி வாங்குவேன்?

உங்களைப் பொறுத்துக்கொள்கிறேன் என்று எழுதச் சொல்லித் தபால்காரரை உட்கார வைக்கவில்லை. அது என்னால் முடியுமா என்று எனக்கே தெரியாது. பயமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்கட்டும்.

எனக்குக் காகிதத்தில் சொன்னது போதாது. நீங்கள் இங்கே வரவேண்டும். எனக்கு எழுதினதை அப்படியே வாயால் சொல்லவேண்டும். வீட்டுக்கு வரவேண்டாம். எங்கள் தெருமுனைக் குழாயில் சாயங்காலம் ஐந்து மணிக்குத் தண்ணீர் விடுவார்கள். தெரு மொத்தமும் அங்கே நிற்கும். அந்த நேரத்துக்கு வாருங்கள்.

இப்படிக்கு,
கிணறு வெட்டுகிறவர் மனைவி